வெடைச்சேவலும் வீட்டுக் கோழிக்கூட்டமும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அமைந்த அனுப்பம்பட்டிலிருந்து, கிழக்கே வயல்களைக் கடந்து பழவேற்காட்டு ஏரிக்கரையை அடையும் வரையில் உள்ள ஊர்களிலும் மீனவக் குப்பங்களிலும், நிலத்தை நம்பியவராயினும் நீரை நம்பியவராயினும், கொல்லையில் சில கோழிகளை மேயவிட்டு வளர்ப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவற்றுக்கெனத் தனியே தீனி வாங்கி வைப்பவர் சிலரே. களத்தில் சிந்திய நெல்லும், குப்பைமேட்டுப் புழுவும், வலையிலிருந்து உதறிய பொடிமீனும், ஆய்ந்து எறிந்த இறால் தலையுமே அவற்றின் ஆகாரம். முட்டையும் குஞ்சும் விற்றுவரும் சில்லறை வருமானம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்கே செல்வதால், அக்கூட்டத்தின் க்ஷேமம் குடும்பத்தின் க்ஷேமத்தோடு பின்னிக் கிடக்கிறது.

இத்தகைய கூட்டத்தில் எல்லாக் கோழியும் ஒரே பிராயத்தினவாக இருப்பதில்லை. பல ஈடு குஞ்சு பொரித்த தாய்க்கோழி, போன வருஷத்துப் பெட்டைகள், முட்டைக்கு இன்னும் வாராத வெடைக்கோழிகள், தாயை விட்டுப் பிரிந்த குஞ்சுகள், இவற்றுக்கெல்லாம் நாயகமாக ஒரு பெரிய சேவல் என்று பல தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் அடைகின்றன. ஒவ்வொரு ஈட்டிலும் ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகள் சேவலாகவே பிறக்குமாதலால், நாலைந்து மாதத்தில் மூன்று நான்கு வெடைச்சேவல்கள் ஒருங்கே யௌவனம் எய்திப் பெட்டைகளைத் துரத்தவும் மிதிக்கவும் தொடங்குகின்றன. அதுவரை அமைதியாக இருந்த முற்றம் அலறலும் ஓட்டமும் நிறைந்ததாகிறது. இதைச் சேவலின் சுபாவம் என்று சொல்லி விட்டுவிடுவோர் ஒரு சாரார். தொல்லை தாங்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் இடையே நிதானமான வழி ஒன்று உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியமும் வழக்கும்

தமிழர் வாழ்வில் கோழிக்குள்ள இடம் சாமானியமானதன்று. முருகப்பெருமானின் கொடியில் இருப்பது சேவல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் காயவைத்த தானியத்தைக் கவர வந்த கோழியின்மீது மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்ததைக் கூறுகிறது. காயும் பொருளைக் கோழியிடமிருந்து காப்பதே வேலையாயிருக்கும் கடற்கரைப் பெண்களை, கருவாடு உலர்த்தும் குப்பங்களில் இன்றும் காணலாம். விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரத்திலும் இந்தளூரிலும், பொருது பட்ட சேவலுக்கே நடுகல் எடுத்து வட்டெழுத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள் நம் முன்னோர். ஆனால் இவை கொடியிலும் முற்றத்திலும் களத்திலும் நின்ற கோழியைப் பற்றியவை. பெட்டைகளிடையே சேவல் எப்படி ஒழுக வேண்டும், எப்படி ஒழுகச் செய்வது என்னும் வீட்டு விஷயம் ஏட்டில் ஏறவில்லை. கோழி வளர்த்த பெண்களின் அனுபவத்திலேயே தங்கிவிட்டது. மேனாட்டுப் பறவையியலார் கடந்த நூறாண்டில் கண்டறிந்தவற்றை அந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

கூட்டத்தின் ஒழுங்கு

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளிலும் வட இந்தியக் காடுகளிலும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல்நிறக் காட்டுக்கோழி அதற்கு நெருங்கிய உறவு. ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி நிற்கும் படிவரிசை ஒன்று கோழிக்கூட்டத்தில் உண்டென்பதை முதன்முதலில் சாஸ்திரீயமாக எடுத்துச் சொன்னவர், 1921-22 ஆண்டுகளில் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட நார்வே நாட்டறிஞர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பெ என்பவர். எது எதைக் கொத்தலாம், எது எதற்கு விலக வேண்டும் என்பது கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதனாலேயே நாள்தோறும் சண்டை நிகழாமல் இருக்கிறது. பின்னர் அமெரிக்காவின் கன்சாஸில் கூல் என்னும் ஆய்வாளர், சேவல்களுக்கு ஒரு வரிசையும் பெட்டைகளுக்கு மற்றொரு வரிசையும் தனித்தனியே அமைகின்றன என்றும், பெட்டைக்கு அஞ்சி ஒதுங்கும் நிலையிலுள்ள சேவலால் அப்பெட்டையோடு கூட இயலாது என்றும் 1940களில் எடுத்துக்காட்டினார்.

வெடைச்சேவலின் முரட்டுத்தனத்துக்குரிய விளக்கம் இங்கேயே இருக்கிறது. குஞ்சாக இருந்த காலமெல்லாம் முதிர்ந்த பெட்டைகளிடம் கொத்துப்பட்டு, தீனித்தட்டில் கடைசியாக நின்ற அது, பருவம் வந்ததும் அவ்வரிசையைத் தாண்டி மேலேற வேண்டியிருக்கிறது. அது பெட்டைகளைத் துரத்துவதில் பாதி காமம். மற்றப் பாதி, நேற்றுவரை தனக்கு மேலிருந்ததைத் தனக்குக் கீழாக்க முயலும் ஆதிக்கப் போராட்டம். பருவ வேறுபாடும் இதோடு சேர்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் கொண்டை சிவந்து, தொண்டை கட்டியது போன்ற குரலில் கூவப் பழகும் சேவல், நாலைந்து மாதத்திலேயே பெட்டையின்மேல் ஏற முனைகிறது. அதனோடு பொரித்த நாட்டுப் பெட்டையோ ஆறேழு மாதம் சென்றே முட்டைக்கு வருகிறது. உடன்பிறந்த பெட்டைகள் இணங்கும் பிராயத்தை அடையுமுன்பே சேவல்களின் இரத்தம் சூடேறிவிடுவதால், அவை முட்டைக்கு வாராத வெடைக்கோழிகளையும், தம்மை மதியாத கிழப்பெட்டைகளையும் மாறி மாறித் துன்புறுத்துகின்றன. இரண்டு மாத இடைவெளியில் விளையும் இந்தக் கலகமே நம் பிரச்சினையின் வேர்.

முதிர்ந்ததும் இளையதும்

முதிர்ந்த சேவல் ஒன்று பெட்டையை அணுகும் முறையைச் சற்று நின்று கவனித்தவர்கள் அதில் ஓர் உபசார மரியாதையைக் கண்டிருப்பார்கள். இறால் தலையோ புழுவோ அகப்பட்டால், அதைத் தான் விழுங்காமல் அலகால் எடுப்பதும் கீழே போடுவதுமாகத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, அடித்தொண்டையிலிருந்து விட்டுவிட்டு ஒலி எழுப்பிப் பெட்டையை அழைக்கும். பெட்டை வந்து அதைப் பொறுக்கும்போது, ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் உராயும்படி தாழ்த்திக்கொண்டு, காலால் அவ்விறகை வருடியபடி அரைவட்டமாகச் சுற்றிவரும். பெட்டைக்கு இசைவிருந்தால் தோளைச் சற்று விரித்துக் குந்தும். இல்லையேல் விலகி நடக்கும். விலகினால் நல்ல சேவல் பெரும்பாலும் தொடர்வதில்லை. மிதித்து இறங்கிய பின் பெட்டை எழுந்து சிலிர்த்துக்கொண்டு மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும்.

வெடைச்சேவலிடம் இந்த நிதானம் இல்லை. குப்பைமேட்டின் மறைவிலிருந்து பாய்ந்து பின்னாலிருந்து பிடரி இறகைக் கவ்வும். இறகு பிய்ந்தாலும் விடாது. முதுகின்மேல் காலூன்றத் தெரியாமல் வழுக்கி நகத்தால் விலாவைக் கீறும். ஒன்று இறங்குமுன் மற்றொன்று ஏறும். ஒரே ஈட்டில் பிறந்த மூன்று நான்கு சேவல்கள் ஒரு பெட்டையையே சுற்றி வளைக்கும்போது அது ஓடி ஒளிய இடமின்றித் தவிப்பது காணச் சகியாதது.

பெட்டைகள் இதற்கு முற்றிலும் அநாதைகள் அல்ல. காட்டுக்கோழி, வீட்டுக்கோழி இரண்டின் இணைகூடலையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த டொமாசோ பிட்சாரி என்பவர், தாழ்ந்த நிலைச் சேவல் பலவந்தம் செய்யும்போது பெட்டை எழுப்பும் கூக்குரல், கூட்டத்தின் தலைமைச் சேவலை அவ்விடத்துக்கு வரவழைத்து அதை விலக்கச் செய்கிறது என்று காட்டினார். அவரும் டிம் பர்க்ஹெட்டும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியின்படி, தான் விரும்பாத தாழ்நிலைச் சேவலின் விந்தைப் பெட்டை உடனே வெளியே தள்ளிவிடவும் வல்லது. ஆக, பெரிய சேவலின் காவலும் பெட்டைகளின் தேர்வும் சேர்ந்தே கூட்டத்தின் ஒழுங்கைக் காக்கின்றன. குப்பத்துப் பெண்கள் நல்ல பெரிய சேவலை விற்க மனம் வராமல் பல வருஷம் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு நியாயம்.

ஒழுங்கு குலையும் சந்தர்ப்பங்கள்

அப்படியாயின் சில வீடுகளில் மட்டும் பெட்டைகள் முதுகு வெறித்துத் திரிவானேன்? முதற் காரணம் எண்ணிக்கை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கோழி வளர்ப்போர் பொதுவாக ஒப்பும் கணக்கு. ஆறு பெட்டைக்கு மூன்று சேவல் நிற்கும் வீட்டில் எந்த ஒழுங்கும் நிலைக்காது. இரண்டாவது காரணம் மூத்தோர் இன்மை. சந்தையிலோ அரசுத் திட்டத்திலோ ஒரே வயதுக் குஞ்சுகளைப் பெற்று, தாயும் பெரிய சேவலும் இல்லாமல் வளர்க்கும் வீடுகளில், சேவல்களை அடக்கி நிறுத்துவார் இல்லாமற்போகிறார்கள். மூன்றாவது, உடலளவு. பெருவிடை என்னும் பேரினத்துச் சேவல் நான்கு கிலோவைத் தொடும். சிறுவிடை என்னும் சிற்றினத்துப் பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. சேவல் எத்தனை சாதுவாயினும் அந்தப் பாரத்தைச் சிறுபெட்டையின் முதுகு தாங்காது. நான்காவது, இடநெருக்கம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி கார்த்திகையில் கொல்லையும் தெருவும் நீர் நின்று, நாள் முழுவதும் கோழிகள் திண்ணையடியிலும் கூட்டிலும் ஒடுங்கிக் கிடக்கும்போது, திறந்த வெளியில் ஓடித் தப்பிய பெட்டைக்கு ஓட இடம் இல்லாமற்போகிறது.

சண்டைச் சாதியாகிய பெருவிடையின் இரத்தம் கலந்தால் சேவல் பெட்டைகளையும் துன்புறுத்தும் என்றொரு நம்பிக்கை உண்டு. சுசான் மில்மனும் இயன் டங்கனும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நேர்மாறாக இருக்கிறது. சண்டைக்கென வளர்த்த இங்கிலாந்துச் சேவல்கள் பிற சேவல்களிடம் மூர்க்கமாக இருந்தும் பெட்டைகளிடம் அப்படி நடக்கவில்லை. பெட்டைகளைக் கொடுமைப்படுத்தியவை, விரைந்து சதைபோடுவதற்கென்று தெரிந்தெடுத்துப் பெருக்கிய பிராய்லர் இனத்துச் சேவல்களே. ஆதலால் சண்டைக்குணம் வேறு, பெட்டையிடம் முரட்டுக்குணம் வேறு. முன்னதைக் கண்டு பின்னதை ஊகிப்பது பிழை. ஒவ்வொரு சேவலையும் அதன் நடத்தையைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

சேதத்தின் அடையாளங்கள்

இந்த விஷயத்தில் வளர்ப்பவருக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டியது சேவலின் அழகோ எடையோ அன்று, பெட்டையின் முதுகே. பிடரியிலும் வால் தொடங்கும் இடத்திலும் முதலில் இறகு ஒடியும். பிறகு தோல் தெரியும். பிறகு கீறல் காணும். வேரோடு பிய்ந்த இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். ஒடிந்த தண்டு தோலில் தங்கியிருந்தாலோ அடுத்த இறகுதிர் காலம் வரை அவ்விடம் வெறுமையாகவே நிற்கும். ஆகையால் பழுது ஒரு நாளில் நேர்ந்தாலும் அதன் அடையாளம் பல மாதம் நிலைக்கலாம். இறக்கையைத் தூக்கி விலாவைப் பார்ப்பதும் அவசியம். நகம் கிழித்த புண் இறகு மூடிய நிலையில் வெளியே தெரியாது, மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். காலையில் கூடு திறந்தும் இறங்க மறுப்பது, பகலிலும் முட்டையிடும் மூலையில் பதுங்குவது, தீனிக்கு எல்லாம் வந்தபின் வருவது, முட்டை குறைவது ஆகியவை பெட்டையைத் தூக்கி முதுகைப் பாராமலே தெரியும் குறிகள். புண்பட்ட பெட்டையைக் கூட்டத்திலிருந்து உடனே பிரித்துப் பஞ்சாரத்தில் அடைத்து, புண்ணைக் கழுவி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, ஆறிய பின்பே விடவேண்டும். சிவந்த புண்ணைக் கண்டால் மற்றக் கோழிகளும் கொத்தும்.

கையாளும் வழிகள்

இனி, பரிகாரங்களாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடித்துத் திருத்துவது முதலாவது. பெட்டையைத் துரத்தும் சேவலைக் கல்லாலும் விளக்குமாற்றாலும் விரட்டும் பழக்கத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அடி வாங்கிய சேவல் பெட்டையை விடுவதில்லை. மனிதரை எதிரியாகக் கருதிக் குழந்தைகள்மேல் பாயவும் கற்றுக்கொள்கிறது.

சேவலின் அங்கத்தைத் திருத்துவது அடுத்தது. வளர்ந்த முள்ளின் உள்ளே உயிருள்ள எலும்பு இருப்பதால், அதை அடியோடு வெட்டாமல் நுனியை மட்டும் மழுக்கலாம். நகத்தின் கூர்மையையும் அராவிவிடலாம். பெரிய சேவலுக்கு இது உதவும். வெடைச்சேவலுக்கு முள் வெறும் முளையாகவே இருப்பதால் பெரும்பயன் இல்லை. காயடிப்பதோ வேறு விதமான காரியம். சேவலின் விதைகள் உடலுக்குள் முதுகெலும்பை ஒட்டி இருப்பவை. விலாவைக் கிழித்தே எடுக்க வேண்டியவை. பயிற்சியும் மயக்க மருந்தும் இன்றிச் செய்யும் அந்தச் சித்திரவதையைக் கொல்லைக் கோழி வளர்ப்பவர் எவரும் மேற்கொள்ளலாகாது.

பெட்டையின் முதுகில் துணி கட்டுவது மூன்றாவது. மேனாட்டார் சிலர் பெட்டைக்கு ஒரு சிறு மேலாடை தைத்து அணிவிப்பதுண்டு. இறகு முளைக்கும் வரை தற்காலிகக் காப்பாக அது உதவலாமாயினும், நம் கடற்கரையின் உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் துணிக்குக் கீழே பேன் பெருகும். துரத்தல் நிற்காத இடத்தில் துணி மட்டும் பாதுகாப்பாகாது.

பெரிய சேவலின் கண்காணிப்பில் விடுவது நான்காவது. மேய்ச்சல் வெளி தாராளமாகவும், பெட்டைகள் எட்டுக்குமேலும், பெரிய சேவல் திடகாத்திரமாகவும் உள்ள வீட்டில், ஒன்றிரண்டு வெடைச்சேவல்களை அதன் கீழ் வளரவிடுவதே எல்லாவற்றிலும் உத்தமம். அதனிடம் அடிபட்டு ஒதுங்கி, அது பெட்டைகளை அழைத்து உபசரிக்கும் முறையை அருகிலிருந்து பார்த்து வளரும் சேவல், ஒரு வயது கடந்தபின் பெரும்பாலும் பதமடைந்துவிடுகிறது. ஆனால் மூன்று நான்கு இளஞ்சேவல்கள் ஒன்றுசேர்ந்தால் ஒரு சேவலின் காவல் போதாது. அது ஒன்றை விரட்டும்போது மற்றவை காரியத்தை முடித்துவிடும்.

சேவல்களை மட்டும் தனியே அடைத்து வளர்ப்பது ஐந்தாவது. பெட்டைகள் கண்ணில் படாத தூரத்தில், சிறுவயது முதல் ஒன்றாகவே வளர்ந்த சேவல்கள் ஒரு கூட்டில் பெரும்பாலும் சமாதானமாகவே இருக்கும். இடையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலோ, ஒன்றைப் பெட்டைகளிடம் விட்டு மறுபடி கொணர்ந்தாலோதான் போர் மூளும். பருவம் வந்த பின் விற்கும்வரை உள்ள இரண்டு மூன்று மாதத்துக்கு இது ஏற்ற வழி. பழவேற்காட்டு ஏரியில் மீன்படும் இடங்களை எல்லாரும் ஒரே நாளில் நெருக்காமல் முறைவைத்துத் தொழில் செய்யும் பாடு ஏற்பாட்டைப் போல, பெட்டைகளிடமும் சேவலை முறைவைத்து விடுவதே நியாயம். அதற்கு இயற்கையும் இடம் கொடுத்திருக்கிறது. ஒரு முறை சேர்ந்த சேவலின் விந்தைப் பெட்டை தன் கருக்குழாயில் சேமித்து வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் வரை கருவுள்ள முட்டையிட வல்லது. ஆகவே அடைவைக்கும் முட்டை கூமுட்டையாகிவிடுமோ என்று அஞ்சி நாள்தோறும் சேவலை உடன்விட வேண்டியதில்லை. உண்பதற்கான முட்டைக்கோ சேவலே வேண்டியதில்லை. முதுகு வெறித்த பெட்டைகளுக்குச் சேவலின்றிச் சில வாரம் ஓய்வு கொடுப்பதால் யாதொரு நஷ்டமும் இல்லை.

காலத்தோடு கழிப்பது ஆறாவது. நாட்டில் மிகப் பெரும்பான்மையோர் கையாள்வது இதுவே. உபரிச் சேவலை உண்பதிலும் விற்பதிலும் பாவம் ஒன்றும் இல்லை. காலம் கடத்துவதே பிழை. தை இறுதியிலும் மாசியிலும் பொரித்த ஈட்டின் சேவல்கள் ஆடியில் ஐந்தாறு மாதம் நிறைந்து நிற்கும். அம்மன் கோயில் திருவிழாவும் நேர்த்திக்கடனும் மிகுந்த அம்மாதத்தில் சேவலுக்குக் கிராக்கி அதிகம். ஆகவே அடைவைக்கும் மாதத்தை நிர்ணயிக்கும்போதே சேவலை விற்கும் மாதத்தையும் நிர்ணயித்துவிடுவது புத்திசாலித்தனம். அவ்வாறன்றிக் கோடை முடிவில் பொரித்த சேவல்கள் அடைமழைக்கு நடுவே பருவமடைந்து, நெருக்கமான கூட்டுக்குள் எல்லாக் கொடுமையையும் விளைவிக்கும்.

தேர்வின் முறை

விற்கும்போது எதை நிறுத்துவது? கனத்ததையும் நிறம் கவர்ந்ததையும் வைத்துக்கொள்வதே பெரும்பாலோர் வழக்கம். அதனினும் முக்கியமானது குணம். தீனி கண்டால் பெட்டையை அழைக்கிறதா, விலகும் பெட்டையை விட்டுவிடுகிறதா, அடைக்கோழியையும் குஞ்சுகளையும் தொந்தரவு செய்யாமல் இருக்கிறதா, பருந்தின் நிழல் விழுந்தால் எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்து, அதன்பின் ஒன்றை நிறுத்த வேண்டும். அடுத்த தலைமுறைச் சேவல்கள் அதன் மக்களே ஆதலால், இன்று தெரிந்தெடுக்கும் நற்குணம் நாளைய முற்றத்தின் அமைதியாகும்.

நிறுத்திய சேவல் அதே கூட்டத்தில் பிறந்ததாயின், தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் சேர்ந்து வம்சம் நலியும். எனவே அடுத்த ஊரில் உறவினர் வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்வது நலம். புதுச் சேவல் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிக்கழிச்சலைக் கொண்டுவரக்கூடுமாதலால், இரண்டு வாரமேனும் தனித்து வைத்துப் பார்த்தே கூட்டத்தில் விட வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறையினர் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு எல்லாக் கோழியையும் கொண்டுசெல்லவும் தவறலாகாது. மாதவரத்தில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அனுப்பம்பட்டிலிருந்து அது தொலைவும் அன்று. இனம், தீவனம், நோய் ஆகியவற்றோடு கோழியின் நடத்தையையும் ஒரு பாடமாகக் கொண்டு கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தால் பெரும் உபகாரமாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் தேறுவது இது. வெடைச்சேவல் துஷ்டப் பறவை அன்று. மூத்தோரும் வெளியும் பெட்டைகளும் போதிய அளவு இல்லாத இடத்தில் பருவம் எய்திய பறவை. அம்மூன்றையும் அமைத்துக் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவலுக்குமேல் நிறுத்தாமை, சேவலின் பாரம் பெட்டை தாங்குமளவினதாக இருக்கப் பார்த்தல், நாலாம் மாதத்திலேயே சேவல்களைப் பிரித்தல், குணம் பார்த்து ஒன்றை நிறுத்தி மற்றவற்றை ஆறாம் மாதத்துக்குள் கழித்தல், வாரம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டையையும் கையிலெடுத்து முதுகையும் விலாவையும் பார்த்தல் ஆகிய ஐந்தையும் கடைப்பிடிப்பதற்குக் காசு செலவில்லை. கவனம் ஒன்றே வேண்டும். நம் வீட்டில் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்துக் கொடுத்து உழைக்கும் பெட்டைக்கு அச்சமின்றி மேயும் முற்றத்தை அளிப்பது தயவு அன்று, கடன். அக்கடனைச் செலுத்துகிற வீட்டில் முட்டையும் குஞ்சும் குறைவதில்லை.